பரமத்தி மேட்டுக்காட்டில் ஒரு குவாண்டம் பாயிண்ட்

நான் விஞ்ஞானி இல்லை. சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வெற்றிடப் பம்புகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஓர் உலோகக் குடுவைக்குள் இருக்கிற காற்றை முழுக்க உறிஞ்சி எடுக்க வேண்டும், எங்காவது கசிந்தால் கண்டுபிடித்து அடைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் குடுவைக்குள் அணுக்களை விழவிட்டு, அவை விழுகிற விதத்தைக் கொண்டு காலுக்குக் கீழே பூமி எங்கே கனம், எங்கே லேசு என்று அளப்பது படித்தவர்களின் வேலை. ஒரே அணு ஒரே நேரத்தில் இரண்டு வழியாக விழும் என்பார்கள். பதினெட்டு வருஷமாகப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன், எனக்கு இன்னும் அது பிடிபடவில்லை.

போன வருஷம் எங்கள் கூடத்தில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அறை நிறையக் கருவிகளும் கடுங்குளிரும் இல்லாமல் முடியாது என்றிருந்த அந்த அளவீடு, ஒரு பீரோ அளவுக் கருவியில், சாதாரண அறைச் சூட்டிலேயே முடிந்துவிட்டது. ஏன் முடிந்தது என்று செய்தவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. நிலத்தடி நீர், தாது, சுரங்கம், எரிமலை என்று இதனால் என்னென்ன பார்க்கலாம் என்பதைப் பத்திரிகைகள் ஆளுக்கொரு விதமாக எழுதின. கூடவே ஒரு குழுப்படமும் வந்தது. அதன் ஓரத்தில், தூணுக்குப் பாதி மறைவில், நானும் நின்றுகொண்டிருந்தேன்.

என் மனைவி கவிதாவுக்கு ஊர் நாமக்கல்லை அடுத்த பரமத்தி. அந்தப் படத்தில் என் தலையைச் சுற்றி யாரோ சிவப்பு வட்டம் போட்டு, 'பூமிக்கு அடியில் தண்ணீரைக் காட்டும் குவாண்டம் மெஷின், கண்டுபிடித்தவர் நம்ம பரமத்தி மாப்பிள்ளை' என்று எழுதி வாட்ஸப்பில் விட்டுவிட்டார்கள். அது சுற்றிச் சுற்றி எனக்கே நான்கு முறை வந்தது.

கவிதாவின் அண்ணன் தங்கராசு அங்கே முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். பண்ணையின் போர் வற்றிக்கொண்டிருந்தது. குவாண்டம் மெஷின் வைத்துத் தண்ணீர் பார்த்துத் தருவதாக ஒருவர் வந்து போயிருக்கிறார் என்று போனில் சொன்னார். "இன்னும் அந்த அளவுக்கெல்லாம் வரல மச்சான்" என்றேன். "மாப்ளைக்கு எப்பவும் அடக்கந்தானுங்க" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

கவிதாவுக்கு நிலைகொள்ளவில்லை. மகளுக்குப் பரீட்சை, அவளால் கிளம்ப முடியாது. "போன்ல சொன்னா அண்ணங்காதுல ஏறாதுங்க. நேர்ல போயி, அந்த மெஷின் பொய்யி, அதை நம்பிப் போர் போட்டுறாதீங்கன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு வந்துருங்க. நீங்க சொன்னாக் கேக்கும்" என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காகக் கத்திரி வெயிலில் நான் கடல் தாண்டினேன்.

சேலத்தில் முதல் வேலை செவ்வாய்ப்பேட்டை. கவிதாவின் மளிகைப் பட்டியல் சட்டைப்பையில் இருந்தது. கசகசாவை மட்டும் அவளே அடித்துவிட்டிருந்தாள். சிங்கப்பூரில் அது போதைப்பொருள் கணக்கு, கொண்டுபோனால் நான் ஜெயிலுக்குள் போக வேண்டியதுதான். ஒரே சந்தில் ஆட்டோவும் டவுன் பஸ்ஸும் மூட்டை தூக்குகிறவர்களும் எதிரும் புதிருமாகப் போனார்கள். யாரும் யார்மீதும் இடிக்கவில்லை, என்னைத் தவிர. "ஓரமா நில்லு சாமி" என்று ஒரு பருப்பு மூட்டை என்னை நகர்த்திவிட்டுப் போனது.

தட்டுவடை செட் விற்கிற வண்டியில் நின்றேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், காரட், வெங்காயம் வைத்துச் சட்னி தடவித் தருகிறார்கள். ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். நான் கடித்தேன், பாதி சட்டையில் விழுந்தது. துடைத்துக்கொண்டே நிமிர்ந்தால், எதிர்ப் பாத்திரக்கடையில் செம்பு வளையங்கள் கொத்தாகத் தொங்கின. அட்டையில் 'குவாண்டம் காப்பு' என்று எழுதியிருந்தது.

"இதுக்கும் குவாண்டத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"செம்புங்க. கரண்டு ஓடுமில்ல? அதேதான். போன மாசம் வரைக்கும் வாதத்துக்குன்னு வித்தோம். இப்ப சக்கரைக்கும் கேட்டு வராங்க."

"சக்கரை கொறையுதுங்களா?"

"மாத்திரையையும் நிறுத்தாமப் போட்டாக் கொறையுமுங்க" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆனாலும் காப்பு வாங்கவில்லை.

டீக்கடையில் அதே பேச்சு. பணி ஓய்வு பெற்றவர் போல இருந்த ஒருவர், இதெல்லாம் நம் சித்தர்கள் எப்போதோ சொன்னதுதான் என்றார். எந்தச் சித்தர் என்று டீ மாஸ்டர் கேட்டதும் அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். ஒரு லாரி டிரைவருக்கு வேறு கவலை. "அப்ப தார்ப்பாயைக் கழட்டாமயே உள்ள என்ன லோடுன்னு செக்போஸ்ட்டுல பாத்துருவாங்களா?" என்று கேட்டார். பார்ப்பார்கள் என்று பலர் உறுதியாகச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

நாமக்கல் பஸ், பனமரத்துப்பட்டிப் பிரிவு தாண்டியதும் முன்பக்கம் ஆவியைக் கக்கிவிட்டு நின்றது. ரேடியேட்டர் காய்ந்துவிட்டது. கண்டக்டர் ஒவ்வொரு சீட்டாக வந்து, "தண்ணி பாட்டில் இருந்தாக் குடுங்க சாமி, எல்லாரும் போயிச் சேரோணுமில்ல" என்று கேட்டார். பாட்டில் வைத்திருந்தவர்கள் பாட்டிலைப் பைக்குள் தள்ளினார்கள். சிங்கப்பூரில் நாங்களும் பக்கத்து நாட்டுத் தண்ணீரை நம்பி இருக்கிறவர்கள்தான்; ஆனால் குழாயைத் திருப்பும்போது அது ஞாபகம் வராது. கடைசியில் நான் என் பாட்டிலைக் கொடுத்தேன். என்னைப் பார்த்து இன்னும் மூன்று பேர் கொடுத்தார்கள்.

நிழலில்லாத சாலையோரத்தில் பேச்சு மறுபடியும் மெஷினுக்கு வந்தது. "இந்தப் பனமரத்துப்பட்டி ஏரித் தண்ணியத்தான் சேலமே குடிச்சுது. இப்ப போயிப் பாருங்க, முள்ளு மரந்தான்" என்றார் ஒருவர். "அந்த மெஷினு வந்துட்டா எல்லாஞ் செரியாயிரும்" என்றார் இன்னொருவர். மடியில் துணிப்பையை இறுக்கிப் பிடித்திருந்த ஓர் அம்மா, "ஊட்டுக்குள்ள பொதச்சு வெச்சதையும் அது காட்டிக் குடுத்துருமுங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ரேடியேட்டருக்குள் தண்ணீரை ஊற்றிக்கொண்டே கண்டக்டர், "மெஷினு காட்டுறது இருக்கட்டும். காட்டுறதுக்கு அடியில தண்ணி இருக்கோணுமில்லீங்க?" என்றார்.

நாமக்கல்லில் பஸ் மாறிப் பரமத்தியில் இறங்கிய இடத்திலேயே என் முகத்தைப் பார்த்தேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஆளுயர ஃபிளெக்ஸ். குழுப்படத்திலிருந்து என் தலையை மட்டும் வெட்டி எடுத்து, வேறு யாருடைய கோட்டு சூட்டுக்கோ மேலே ஒட்டியிருந்தார்கள். கீழே 'குவாண்டம் முறையில் நிலத்தடி நீர் பார்க்கப்படும்' என்று ஒரு போன் நம்பர். கோபம் வந்திருக்க வேண்டும். மறைக்காமல் எழுதுகிறேன், அந்தக் கோட்டு எனக்கு நன்றாக இருந்தது.

தங்கராசு மச்சான் பைக்கில் வந்து அழைத்துப் போனார். ஐம்பது வயது, அதிகம் பேசாதவர். அவர் மனைவி பூங்கொடி என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவர். அன்று மாலை அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும், நாட்டுக்கோழிக் குழம்பும் வைத்தார். எட்டாயிரம் கோழி இருக்கிற வீட்டில் குழம்புக்கு வெளியிலிருந்து நாட்டுக்கோழி வாங்கியிருந்தார்கள். "ஒறம்பரைக்குப் பண்ணைக் கோழியப் போடறதாங்க?" என்றார் பூங்கொடி. விருந்தாளியை அங்கே ஒறம்பரை என்பார்கள். சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். சாப்பிடும்போது பேசக் கூடாது என்று மச்சான் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

மறுநாள் காலை குளியலறையில் இரண்டு வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. ஒன்றில் வெந்நீர். தாராளமாகக் குளித்துவிட்டு வந்து பார்த்தால், பூங்கொடி ஒரு குண்டாத் தண்ணீரில் பாத்திரங்களைக் கழுவி, அதே தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். வீட்டில் வேறு யாரும் அன்று குளிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பண்ணையைச் சுற்றிக் காட்டினார் மச்சான். உயரத் தூண்கள்மேல் நீளமான கொட்டகை, அடுக்கடுக்காகக் கம்பிக் கூண்டுகள், ஒவ்வொன்றிலும் நாலைந்து வெள்ளைக் கோழிகள். கூண்டுக்குள் ஓடும் குழாயில் சின்ன முனை தொங்கும். கோழி அலகால் தட்டினால் ஒரு சொட்டு இறங்கும். "இந்தச் சூட்டுல அரை நாள் இது காஞ்சாப் போதுமுங்க மாப்ள. அப்பறம் ஒண்ணும் மிஞ்சாது" என்றார். பழைய போர் காலையில் கால் மணி நேரம் ஓடும், பிறகு காற்றைத்தான் இழுக்கும். மீதிக்கு டேங்கர்.

டேங்கருக்குச் சொல்லிவிட்டு வரப் பரமத்தி வேலூர் போனோம். சில மைல்தான். திடீரென்று வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் கரும்புமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. காவிரிக் கரை. திரும்பி மேடு ஏறினால் மறுபடியும் புழுதி. "ஆத்தை விட்டு மேல வந்துட்டா, அவனவன் பூமிக்கு அடியில என்ன இருக்குதோ அதான் அவனவனுக்கு" என்றார் மச்சான். இந்தப் பக்கத்து ரிக் வண்டிகள் எல்லாம் வடக்கே போர் போடப் போய்விட்டன. திருச்செங்கோட்டு நண்பர் ஒருவரின் வண்டி, மத்தியப் பிரதேசம் கிளம்புவதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் இவருக்காக நிற்கிறது. நாளைக் காலை வரும், பொழுது சாயக் கிளம்பிவிடும். அதை விட்டால் ஆடிக்குத்தான்.

போர் போடுவதற்கு இரண்டு இடம் குறித்திருந்தது. போர்த் தொழிலில் அதைப் பாயிண்ட் என்கிறார்கள். ஒன்று கீழே ஓடைப் பள்ளத்தை ஒட்டிய பள்ளக்காட்டில். இங்கே காடு என்றால் விளைநிலம். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடக்கிற ஆள், தேங்காய் நிமிர்ந்து நின்ற இடத்தில் மஞ்சள் தடவிய கல்லை வைத்திருந்தார். இன்னொன்று கொட்டகைக்குப் பின்னால் மேட்டில், மெஷின் காட்டிய இடம். சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தது.

"நீங்க எதுன்னு நெனைக்கறீங்க மச்சான்?"

"நான் என்னத்தங்க நெனைக்கறது? மாப்ள வந்திருக்கறப்ப" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. சரி, முடிவு செய்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் மெஷின்காரர் வந்தார். பெயர் ஜெகன். முப்பது வயதிருக்கும், தேய்த்த சட்டை. முன்பு இன்வெர்ட்டர் பேட்டரி விற்றவர். முக்காலியில் நிறுத்திய அவருடைய பெட்டி ஒரு டிபன் கேரியர் கனம்தான் இருந்தது. எங்கள் கருவியின் ஒரு பம்பையே இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். பெட்டியில் நீல விளக்கு எரிந்தது, டேப்லெட்டில் வண்ண வண்ணமாகப் பூமிக்கு அடியில் ஓடைகள் ஓடின. பார்த்த மாத்திரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் அணுவும் இல்லை, வெற்றிடமும் இல்லை.

ஜெகன் என்னோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார். பிறகு கொட்டகை ஓரமாக என்னைத் தனியே கூட்டிப் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. உண்மையாலுமே அப்படி ஒரு மெஷின் இருக்குதுங்களா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் கேலி செய்யவில்லை.

"இருக்கு" என்றேன். "ஆனா இது அது இல்ல."

"இது சின்ன மாடலுன்னு சொல்லித்தான் சார் எனக்குக் குடுத்தாங்க. ரெண்டு நாளு ட்ரெய்னிங்கும் குடுத்தாங்க." அவர் முகம் தெளிந்துவிட்டது. "இருக்குதுன்னு சொன்னீங்களே, அது போதும் சார்." நான் சொன்னதில் அவருக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இதை மச்சானிடம் சொல்ல எனக்கு அன்று மாலை முழுக்க நேரம் இருந்தது. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் என்னை அறிமுகப்படுத்தி, சிங்கப்பூர், மெஷின் என்றார் மச்சான். அவர்கள் கும்பிட்டார்கள். நாளைக் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் ரிக் வண்டி வந்துவிட்டது. பின்னாலேயே கம்ப்ரஸர் லாரி. பூங்கொடி மஞ்சள், குங்குமம், தேங்காய், சூடம் எல்லாம் தட்டில் கொண்டுவந்தார். அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் இருபது பேர் கூடிவிட்டார்கள். அந்தப் பக்கம் போர் போடுவதற்கு முன்னால், மரியாதைக்குரிய ஒருவர் குறித்த இடத்தில் கடப்பாரையால் ஒரு குத்துக் குத்திக் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் வண்டியை நிறுத்துவார்கள்.

மச்சான் கடப்பாரையை என்னிடம் நீட்டினார். "மாப்ள கையால வெச்சுக் குடுங்க. எங்கன்னு நீங்களே சொல்லுங்க."

இதுதான் அந்த இடம். இதற்காகத்தான் அத்தனை தூரம் வந்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெகன் சுண்ணாம்பு வட்டத்துக்குப் பக்கத்தில் பெட்டியோடு நின்றார்.

"மச்சான், இது எங்க லேப் மெஷின் இல்ல" என்றேன்.

"தெரியுமுங்க மாப்ள. அது பெருசு, இது சிறுசு" என்றார் ஒரு பக்கத்துக் காட்டுக்காரர். நாலு பேர் தலையாட்டினார்கள்.

அடுத்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. பொய் என்ற அந்தச் சொல். மச்சானை இத்தனை பேர் முன்னால் ஏமாந்தவராக்க வேண்டுமா என்று ஒரு யோசனை. முப்பது வருஷம் இந்த மண்ணிலேயே கிடக்கிறவருக்குத் தெரியாததா, அவரே இந்த இடத்தை மனதில் வைத்துத்தானே சுண்ணாம்பு அழியாமல் பார்த்துக்கொள்கிறார் என்று இன்னொரு யோசனை. இரண்டும் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். உண்மை இதுதான்: ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக யாரும் என்னிடம் எதையும் 'நீங்களே சொல்லுங்க' என்று கேட்டதில்லை.

நான் மேட்டைப் பார்த்து நடந்தேன். சுண்ணாம்பு வட்டத்துக்குள் கடப்பாரையை இறக்கினேன். மண் கெட்டியாக இருந்தது, கை அதிர்ந்தது.

"ஏனுங்க, இங்கயேவாங்க?" என்று பூங்கொடி தன் கணவரிடம் கேட்டது காதில் விழுந்தது.

"மாப்ள வெச்சாச்சு அம்மிணி" என்றார் மச்சான். பூங்கொடி தட்டை வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

வண்டி துளைபோடத் தொடங்கியதும் அந்தச் சத்தத்தில் பேச்சு எதுவும் கேட்கவில்லை. ராடு என்கிற நீள இரும்புக் குழாய்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. முதலில் செம்மண், பிறகு கருங்கல். குழியிலிருந்து வெள்ளைப் புகையாகக் கல்மாவு கிளம்பி எல்லோர் தலையிலும் படிந்தது. ஒரு நேரம் அந்தப் புகை கருத்து ஈரமாக வந்தது. கைதட்டினார்கள். ஜெகன் வீடியோ எடுத்தார். மச்சான் அந்த ஈர மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அந்த நேரம் உண்மையாகவே நம்பினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் நம்பினேன். அடுத்த ராடு இறங்கும்போது புகை மறுபடியும் வெளுத்துவிட்டது.

மதியத்துக்குமேல் கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை. பொழுது சாயும்போது ரிக் ஓட்டுகிறவர் இறங்கி வந்து, "ஆயிரத்தி எரநூறு அடி போட்டாச்சுங்க. பொகைதானுங்க வருது. இதுக்கு மேல எங்ககிட்ட ராடு இல்லீங்க" என்றார். அவர்கள் டீ குடித்தார்கள், ராடுகளைக் கழற்றி அடுக்கினார்கள், வடக்கே கிளம்பிவிட்டார்கள். ஜெகன் எப்போது போனார் என்று தெரியவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை.

நான்காம் நாளைப் பற்றி நீட்டி எழுத எனக்கு மனமில்லை. காலையில் பழைய போர் ஐந்து நிமிஷம் ஓடி நின்றது. பத்து மணிக்கு வர வேண்டிய டேங்கர் வரவில்லை. பரமத்தி வேலூர்க் கிணறுகளில் வரிசை நிற்கிறது, இதோ வந்துவிடும் என்றார்கள். பன்னிரண்டு மணிக்குக் கூண்டுக் குழாய்களில் சொட்டு நின்றது. கோழிகள் முதலில் பெரும் சத்தம் போட்டன. இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி, அலகைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சு வாங்கின. பூங்கொடி வீட்டிலிருந்த குடிதண்ணீர்க் குடங்களைக் கொண்டுவந்து, நனைத்த சாக்குகளைக் கூண்டுமேல் போட்டார். நானும் மச்சானும் ஒடிசாவிலிருந்து வந்து அங்கே வேலை செய்யும் தம்பதியும் குவளையால் தெளித்துக்கொண்டே ஓடினோம். ஒரு வரிசை முடித்துத் திரும்புவதற்குள் முந்தின வரிசை காய்ந்திருந்தது.

இரண்டு மணிக்குமேல் சத்தம் குறைந்தது. அடங்கிவிட்டன, சமாளித்துக்கொண்டன என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தபோது கூண்டுக்குக் கூண்டு கழுத்துகள் கம்பிக்கு வெளியே தொங்கின. உயிரோடு இருந்தவை செத்தவற்றின் மேல் ஏறி நின்று குழாய் முனையைத் தட்டிக்கொண்டிருந்தன. நான் கொட்டகைப் படியில் உட்கார்ந்து அழுதேன். டேங்கர் ஐந்து மணிக்கு வந்தது. டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, எஞ்சினை நிறுத்தாமலே நின்றார்.

பொக்லைன் வைத்துக் குழி வெட்டி, சுண்ணாம்புத் தூள் போட்டுப் புதைத்தார்கள். மச்சான் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"மச்சான், அந்த மெஷின் பொய். முந்தா நாளே எனக்குத் தெரியும். சொல்லியிருக்கணும்."

அவர் காலிச் சாக்கை உதறினார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"செரிங்க மாப்ள" என்றார். "வெயில்ல நிக்காதீங்க. தலைக்கு ஏதாச்சும் போட்டுக்கங்க." அடுத்த சாக்கை எடுக்கப் போய்விட்டார்.

கிளம்புகிற அன்று பூங்கொடிதான் ஸ்கூட்டியில் பரமத்திக்குக் கொண்டுவந்து விட்டார். மச்சான் இன்னும் குழிப் பக்கம்தான் இருந்தார். வழிக்கு என்று பூங்கொடி கட்டுச்சோறும், ஒரு பாட்டில் தண்ணீரும் பையில் வைத்திருந்தார். அந்தத் தண்ணீரை வாங்க எனக்குக் கை வரவில்லை. பஸ் வரும்வரை புளியமரத்தடியில் நின்றோம். கேட்காமல் போக முடியாது என்று தோன்றியது.

"அன்னிக்கு இங்கயேவான்னு கேட்டீங்களே. ஏன்?"

அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போன வாரமே பக்கத்து ஊருல ஒருத்தரு அந்த மெஷின் பாத்துப் போட்டு, பொகையாப் போச்சுங்கண்ணா. அப்பவே இவருக்கு நம்பிக்கை உட்டுப் போச்சு. பள்ளக்காட்டுலதான் போடோணும்னு முடிவு பண்ணி, ரிக்கு வண்டி எறங்கறதுக்கு முள்ளெல்லாம் வெட்டித் தடங்கூடப் போட்டு வெச்சுட்டோம். அப்பறந்தான் நீங்க மெஷின் விசயமா வாரீங்கன்னு கவிதா போன் பண்ணுச்சு. இவருதான், மாப்ள கண்டுபுடிச்ச மெஷினு, அவரே கடல் தாண்டி வாராரு, வந்த எடத்துல அதை வேண்டாம்னு சொன்னா அவரு மூஞ்சி என்னாகுமுன்னு கேட்டாரு. ஒரு போர்தானே அம்மிணி, போனாப் போகட்டும், டேங்கர வெச்சு ஓட்டிக்கலாம்னாரு."

நான் சாலையில் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

"நீங்க வாராம இருந்திருந்தா பள்ளக்காட்டுலதானுங்கண்ணா போட்டிருப்போம்" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

சேலம் வண்டி வந்தது. "போயிட்டு வாங்கண்ணா. கவிதாகிட்ட ஒண்ணுஞ் சொல்லிக்காதீங்க, வெசனப்படும்" என்று பையை என் கையில் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியைத் திருப்பினார்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ராசிபுரம் தாண்டும்போது கவிதா கூப்பிட்டாள். இரண்டு முறை அடித்து நின்ற பிறகு மூன்றாம் முறை எடுத்தேன். கிளம்பியாயிற்றா, சாப்பாடு கட்டிக் கொடுத்தார்களா, வெயில் எப்படி என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் உம் கொட்டினேன்.

"அண்ணன் உங்களை நல்லாக் கவனிச்சுக்குச்சுங்களா?" என்றாள்.

நன்றாகக் கவனித்துக்கொண்டார் என்றேன்.